முதல் பழைய மர்மப் படம்: ஐந்தில் எதைப் போடலாம்?

"பழைய த்ரில்லர் ஒன்று பார்க்கணும், எதில் தொடங்கலாம்?" என்று யாராவது கேட்டால், பழைய பட ரசிகர்கள் யோசிக்காமல் சொல்லும் பதில் 'அந்த நாள்'. நானும் பல வருஷம் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். கேட்டவர்களில் பாதிப் பேர் அரைமணி நேரத்தில் நிறுத்திவிட்டதாகப் பிற்பாடு ஒப்புக்கொண்டார்கள். "நல்ல படம்தான், ஆனா..." என்று இழுப்பார்கள். அந்த 'ஆனா'வுக்குப் பிறகு அவர்கள் இன்னொரு கறுப்பு வெள்ளைப் படத்தின் பக்கம் போனதே இல்லை.

தப்பு என்னுடையது. அவர்கள் கேட்டது எதில் தொடங்குவது என்று. நான் சொன்னது எது சிறந்தது என்று. அதனால் இப்போது கொஞ்சம் நிதானமாக ஒப்பிட்டுப் பார்க்கிறேன். எடுத்துக்கொண்டது ஐந்து படங்கள்: 'அந்த நாள்' (1954), 'புதிய பறவை' (1964), 'அதே கண்கள்' (1967), 'மூடுபனி' (1980), 'ஊமை விழிகள்' (1986). ஐந்திலும் கொலை உண்டு, மர்மம் உண்டு. ஆவி, மறுபிறவி என்று போகும் படங்களைச் சேர்க்கவில்லை. 'நெஞ்சம் மறப்பதில்லை'யையும் 'யார் நீ?'யையும் விட்டுவிட்டு எழுதுவது எனக்கே கஷ்டமாக இருக்கிறது, ஆனால் அது தனிக் கணக்கு.

எந்தப் படத்தின் முடிவையும் சொல்லப்போவதில்லை. தைரியமாகப் படிக்கலாம்.

## எதை வைத்து அளப்பது

முடிவு தெரிந்துபோனாலும் நிற்குமா? என் கணக்கில் இதுதான் முதல் கேள்வி. புதுப் படத்தின் முடிவை யாராவது சொல்லிவிட்டால் சண்டைக்குப் போகிறோம். பழைய படமோ நம்மிடம் வரும்போதே கசிந்துதான் வருகிறது. வீட்டில் பெரியவர் யாராவது படம் போட்ட ஐந்தாவது நிமிடம், "இவன் இல்லைடா, கொன்னது..." என்று ஆரம்பித்துவிடுவார். மேடைக் கிண்டல் நிகழ்ச்சிகளில் கடைசிக் காட்சியைத்தான் நடித்துக் காட்டுவார்கள். யூடியூபில் படத்தைத் தேடினால் முகப்புப் படமாகக் கொலையாளியின் முகத்தையே வைத்திருப்பார்கள். எனக்கு 'அந்த நாள்' படத்தின் முடிவு பள்ளிக்கூட நாளிலேயே தெரியும். மாமா ஒருவர் பெயர்ப்பட்டியல் ஓடும்போதே சொல்லிவிட்டார். ஆகவே ரகசியத்தை மட்டும் நம்பி நிற்கும் படம் எது, ரகசியம் போனாலும் நிற்கும் படம் எது என்று முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும்.

முதல் இருபது நிமிடம். பழைய படம் பழகாத ஆள் அதற்குமேல் பொறுமை காட்ட மாட்டார். அது அவர் குற்றமும் இல்லை.

எழுந்துபோக வைக்கும் இடங்கள். பாட்டு, தனியாக ஓடும் நகைச்சுவைப் பகுதி, நீளமான வசனம். மர்மப் படத்தில் பாட்டே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். 'யார் நீ?' படத்தில் 'நானே வருவேன்' பாட்டை எடுத்துவிட்டால் படத்தில் பயமே மிஞ்சாது. பாட்டு கதையை நகர்த்துகிறதா, நிறுத்திவைக்கிறதா என்பதுதான் விஷயம்.

கூட யார் உட்கார்ந்திருக்கிறார்கள்? தனியாகப் பார்க்க ஒரு படம், பத்துப் பேரோடு பார்க்க வேறு படம். குழந்தைகள் இருந்தால் இன்னொன்று.

கிடைக்கும் பிரதி. இதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை, ஆனால் பல படங்களைக் கொல்வது இதுதான். அந்தந்தப் படம் வரும்போது சொல்கிறேன்.

## அந்த நாள் (1954)

ஏ.வி.எம். தயாரிப்பு, எஸ். பாலசந்தர் இயக்கம். வீணைக்காகவே பிற்காலத்தில் பெயர் பெற்ற அதே பாலசந்தர்தான். ஒரு இசைக்கலைஞர், பாட்டே இல்லாத முதல் தமிழ்ப் படத்தை எடுத்திருக்கிறார் என்பது எனக்கு இன்னும் வேடிக்கையாக இருக்கிறது. பாட்டு மட்டுமல்ல, நடனமும் இல்லை, சண்டையும் இல்லை. திரைக்கதை, வசனம் ஜாவர் சீதாராமன். துப்பறியும் அதிகாரி சிவானந்தமாக வருவதும் அவரே.

படம் ஆரம்பிப்பதே ஒரு துப்பாக்கிச் சத்தத்தில். ரேடியோ இன்ஜினீயர் ராஜன் சுடப்பட்டுத் தள்ளாடி விழுகிறான். அந்த ராஜன்தான் சிவாஜி. 'பராசக்தி' வந்து இரண்டே வருஷம் ஆகியிருக்கிறது. தியேட்டருக்கு வந்தவர்கள் பார்க்க வந்த ஆளையே முதல் காட்சியில் சாகடித்துவிடுகிறார்கள். பிறகு விசாரணை. பக்கத்து வீட்டுக்காரர், தம்பி, தம்பி மனைவி, வெளியே ஒரு பெண், மனைவி என்று ஒவ்வொருவராகச் சொல்லச் சொல்ல, செத்துப்போன ஆள் திரும்பத் திரும்ப எழுந்து வருகிறான். ஒருவர் சொல்லும் ராஜனும் இன்னொருவர் சொல்லும் ராஜனும் ஒரே ஆள் இல்லை.

முதல் அளவுகோலில் ஐந்து படங்களிலும் இதற்குத்தான் முதல் இடம். முடிவு தெரிந்து பார்த்தபோது எனக்கு ஒன்றும் குறையவில்லை; சொல்லப்போனால் கூடியது. யார் பேசுகிறார் என்பதை விட்டுவிட்டு, மற்றவர் பேசும்போது யார் எப்படிக் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று பார்க்க ஆரம்பித்தேன். தாழ்வான கோணங்களும் சுவரில் விழும் நிழல்களும் அப்போதுதான் கண்ணில் பட்டன.

சரி, அப்படியானால் ஏன் பாதிப் பேர் நிறுத்திவிடுகிறார்கள்? இதன் மறைமுகச் செலவு வசனம். பாட்டு இல்லை என்பதைப் பெருமையாகச் சொல்கிறோம். பாட்டு இல்லையென்றால் மூச்சுவிட இடமும் இல்லை என்பதைச் சொல்ல மறந்துவிடுகிறோம். இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல், பேச்சு, பேச்சு, பேச்சு. இரண்டு நிமிடம் கைப்பேசியைப் பார்த்தால் ஒரு வாக்குமூலமே போய்விடும். 1954ல் படம் வந்தபோது பாட்டு இல்லையே என்று சனம் முகம் சுளித்தது, படம் ஓடவில்லை. இன்றைக்குப் பார்க்கிறவரின் குறை அதற்கு நேர்மாறு: "பேசிக்கிட்டே இருக்காங்க."

இன்னொரு செலவு வரலாறு. கதை நடப்பது 1943 அக்டோபரில், ஜப்பான் விமானம் சென்னையில் குண்டு போட்ட மறுநாள். அந்தப் போர்க்காலப் பதற்றம் தெரியாதவருக்குக் கதையின் நரம்பே பிடிபடாது. பலர் இதை எம்டன் சம்பவத்தோடு குழப்பிக்கொள்கிறார்கள். எம்டன் 1914ல், முதல் உலகப்போரில் வந்த ஜெர்மன் கப்பல். இது அதற்கு 29 வருஷம் கழித்து நடந்தது. படம் போடுவதற்கு முன் இந்த நாலு வரியைச் சொல்லிவிட்டால் போதும்.

பிரதி விஷயம்: படத்தைவிட ஒலிதான் மோசமாக இருக்கும். ஸ்பீக்கரில் பாதி வசனம் கரகரப்பில் போய்விடும். ஹெட்போன் போட்டுக்கொண்டு பாருங்கள். அதனாலேயே இது தனியாக, ராத்திரியில் பார்க்க வேண்டிய படம். துப்பறியும் நாவல் படிக்கிற பழக்கம் உள்ளவராக இருந்தால் தயங்காமல் இதிலேயே தொடங்கலாம்.

## புதிய பறவை (1964)

சிவாஜியின் சொந்தத் தயாரிப்பு, தாதா மிராசி இயக்கம், வண்ணப்படம். 1958ல் வந்த ஒரு பிரிட்டிஷ் படம், அதிலிருந்து ஒரு வங்காளப் படம், அதிலிருந்து இது. மூன்று கை மாறி வந்திருந்தாலும் தமிழில் பார்க்கும்போது கடன் வாங்கிய வாடை அடிக்காது.

கதை ஒரு வரியில்: மனைவி இறந்துவிட்டாள் என்று சொல்லும் பணக்காரன் கோபால், லதா என்ற பெண்ணைக் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறான். விருந்து நடந்துகொண்டிருக்கும்போது வாசலில் ஒரு பெண் வந்து நிற்கிறாள். நான்தான் அந்த மனைவி என்கிறாள். எல்லாரும் அவளை நம்புகிறார்கள், கோபாலைத் தவிர. அங்கிருந்து படம் பிடிக்கும் வேகம் இருக்கிறதே, அது இன்றைக்கும் குறையவில்லை.

பாட்டுகள் இங்கே சுமை இல்லை. விஸ்வநாதன்–ராமமூர்த்தி இசை, கண்ணதாசன் வரிகள். 'பார்த்த ஞாபகம் இல்லையோ' இரண்டு முறை வருகிறது. முதல் முறை கேட்கும்போது மயக்கம். இரண்டாம் முறை அதே மெட்டு முதுகில் சில்லென்று இறங்கும். 'எங்கே நிம்மதி' பாட்டை நிறைய பேர் தனியாகப் பார்த்திருப்பார்கள், கொஞ்சம் அதிகப்படியாகத் தெரிந்திருக்கும். அதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தைப் பார்த்துவிட்டு அந்தப் பாட்டுக்கு வந்தால், அந்த ஆளுக்கு அதைவிடக் குறைவாக நடந்துகொள்ள வழியே இல்லை என்று புரியும்.

இதன் மறைமுகச் செலவு ஒரே ஒரு சொல்: 'கோபால்'. சரோஜாதேவி அந்தப் பெயரை அழைக்கும் விதத்தை ஐம்பது வருஷமாக மிமிக்ரிக்காரர்கள் தேய்த்துத் தேய்த்து, படத்தைப் பார்க்காதவர்களுக்குக்கூட அது மனப்பாடம். அக்கா மகனோடு நான் பழைய படம் பார்க்க உட்கார்ந்தது இதில்தான். அவர் முதல் முறை 'கோபால்' என்றதும் பையன் சிரித்தான். இரண்டாம் முறை விழுந்து விழுந்து சிரித்தான். "மாமா, இவங்கதான் அவங்களா?" என்றான். சௌகார் ஜானகி வாசலில் வந்து நின்றபோதும் அவன் அடுத்த 'கோபால்' எப்போது வரும் என்றுதான் காத்திருந்தான். அன்றைக்குப் படம் போச்சு.

முடிவு கசிந்திருந்தால்? பரவாயில்லை, நிற்கும். கோபால் ஏன் இப்படிப் பதறுகிறான் என்பதைத் தெரிந்துகொண்டு பார்ப்பதில் வேறொரு ருசி இருக்கிறது. ஆனால் கசியாமல் பார்க்கக் கொடுத்துவைத்தவர்களுக்கு இந்த ஐந்தில் இதைவிடப் பெரிய அடி வேறு எதிலும் கிடைக்காது. அப்படி ஒருவர் உங்கள் வீட்டில் இருந்தால், அவர் சிவாஜி நடிப்பு அதிகம் என்று நினைக்கிறவராகவே இருந்தாலும், வேறு எதையும் யோசிக்காமல் இதைப் போடுங்கள். மிமிக்ரி பார்த்து வளர்ந்தவருக்கு இது இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ இருக்கட்டும்.

## அதே கண்கள் (1967)

இதை அதிகம் நீட்ட வேண்டியதில்லை. ஏ.வி.எம். தயாரிப்பு, ஏ.சி. திருலோகசந்தர் இயக்கம், ரவிச்சந்திரன், காஞ்சனா, நாகேஷ், வேதா இசை. பெரிய பங்களா, நிறைய சொந்தக்காரர்கள், முகத்தை மூடிய ஓர் ஆள், தெரிவது கண்கள் மட்டும். 'யார்?' என்ற ஒரே கேள்வியை வைத்துக்கொண்டு படம் ஓடுகிறது.

அதுதான் பலம், அதுதான் பலவீனம். கூட்டமாக உட்கார்ந்து பார்க்க இதைப்போல் ஒரு படம் கிடையாது. இடைவேளையில் ஆளுக்கொரு சீட்டில் கொலையாளி பெயரை எழுதி மடித்து வைக்கச் சொல்லுங்கள். அசோகன் திரையில் தோன்றியதும் "இவன்தான்!" என்று ஒரு கோஷ்டி கத்தும், அசோகன் முகத்துக்கு அப்படி ஒரு ராசி. அவர்தானா என்று நான் சொல்லப்போவதில்லை.

முடிவு தெரிந்துவிட்டால் மிஞ்சுவது 'பூம் பூம் பூம் மாட்டுக்காரன்' பாட்டும், அந்தக் காலத்து வண்ண உடைகளும், நாகேஷும்தான். அவை மோசமில்லை. ஆனால் அதற்காக ஒரு மர்மப் படம் பார்க்க வேண்டுமா? நகைச்சுவைப் பகுதிகள் கதையை நிறுத்திவைத்துவிட்டு ஓடுகின்றன. தனியாகப் பார்ப்பவர் அங்கே ஓட்டிவிடத்தான் போகிறார். அப்படி ஓட்டும்போது நடுவில் ஒரு தடயமும் போய்விடும் என்பது இதன் செலவு.

## மூடுபனி (1980)

இங்கே கணக்கே மாறுகிறது. பாலு மகேந்திரா கொலையாளியை ஆரம்பத்திலேயே காட்டிவிடுகிறார். பிரதாப் போத்தன் நடித்த சந்துரு. 'யார்?' என்ற கேள்வியே இல்லை, ஆகவே கசிவதற்கும் பெரிதாக ஒன்றுமில்லை. மாமாக்கள் வாயடைத்து உட்கார வேண்டியதுதான்.

ராஜேந்திரகுமாரின் 'இதுவும் ஒரு விடுதலைதான்' நாவலைத் தழுவியது. இளையராஜாவுக்கு 100வது படம். ஒளிப்பதிவும் பாலு மகேந்திராவே. ஜன்னல் வழியாக வரும் வெளிச்சம், வீட்டுக்குள் பேசுவதுபோலவே பேசும் வசனம், ஷோபாவின் முகம். மேக்கப் பூசிய பழைய படம் என்ற அன்னியம் இதில் இல்லவே இல்லை. இன்றைய ஓடிடி தொடர்கள் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இந்த ஐந்தில் உடனே ஒட்டிக்கொள்வது இதுதான். ஷோபா இந்தப் படம் வெளிவருவதற்கு முன்பே இறந்துவிட்டார் என்பது தெரிந்து பார்க்கும்போது வேறு ஒரு கனம் வந்து சேர்ந்துகொள்கிறது.

ஒரு சின்ன விஷயம். 'என் இனிய பொன் நிலாவே' பாட்டை நாம் எத்தனை இடத்தில் கேட்டிருப்போம்! கிதார் கற்றுக்கொள்கிறவன் முதலில் மீட்டிப் பார்ப்பது, கல்யாண வீடியோவில் ஓடுவது, ராத்திரிப் பயணத்தில் காரில் போடுவது. படத்தில் அதை யார், யாரிடம், எந்த நிலைமையில் பாடுகிறான் என்று பார்த்தபிறகு அதைக் காதல் பாட்டாகக் கேட்க முடியவில்லை. அவள் கடத்தி வைக்கப்பட்டவள், பாடுகிறவன் கடத்தியவன். யேசுதாஸ் குரல் அவ்வளவு இதமாக இருப்பதுதான் அங்கே பயம். படத்தின் மொத்தத் திறமையும் அந்த ஐந்து நிமிடத்தில் அடங்கியிருக்கிறது.

செலவு என்ன? விஷயம் கனமானது. பெண்களைக் குறிவைத்துக் கொல்கிறவன், அவனுக்கு ஒரு சிறுவயதுக் காயம், அதைக்கொண்டு எல்லாவற்றையும் விளக்கிவிடும் அந்தக் காலத்து உளவியல். இன்றைக்கு அந்த விளக்கம் மெலிந்து தெரிகிறது. பாலியல் தொழில் செய்யும் பெண்களைப் படம் பார்க்கும் பார்வை பற்றியும் எனக்கு நெருடல் உண்டு. சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் வேண்டவே வேண்டாம். வேகமும் குறைவு, பெயருக்கு ஏற்றபடி மூட்டமாகத்தான் நகரும்.

இதே வரிசையில் 'சிகப்பு ரோஜாக்கள்' (1978) படத்தைத்தான் பலர் சொல்வார்கள். பாரதிராஜா, கமல், ஸ்ரீதேவி, இளையராஜா. இரண்டே பாட்டு. பயமுறுத்துவதில் அது 'மூடுபனி'யைவிட ஒரு படி மேல். ரோஜாச் செடிக்கு அடியில் என்ன இருக்கிறது என்று தெரிந்தபின் தோட்டத்தில் நடக்கவே தோன்றாது. ஆனால் அதன் கொலைகாரனை ஒரு கவர்ச்சியோடு காட்டியிருக்கிறார்கள், அவன் பெண்களைப் பற்றிச் சொல்லும் நியாயங்களுக்குப் படமும் கொஞ்சம் காது கொடுக்கிறது. 'மூடுபனி' சந்துருவைப் பார்த்துப் பரிதாபப்படுகிறதே தவிர, அவனை ரசிக்கவில்லை. இரண்டில் ஒன்று என்றால் நான் 'மூடுபனி' பக்கம்.

## ஊமை விழிகள் (1986)

திரைப்படக் கல்லூரி மாணவர்கள் சேர்ந்து எடுத்த படம். ஆபாவாணன் தயாரிப்பு, ஆர். அரவிந்தராஜ் இயக்கம், சினிமாஸ்கோப். ஆள் இல்லாத சாலை, வழியில் நிற்கும் கிழவி, மணிச்சத்தம், குதிரை வண்டி. அந்த முதல் பகுதியைச் சிறுவயதில் பார்த்தவர்கள் இன்றைக்கும் கிழவி என்றாலே அந்தக் கிழவியைத்தான் சொல்வார்கள். முதல் இருபது நிமிடக் கணக்கில் ஐந்திலும் இதை அடித்துக்கொள்ள ஆள் இல்லை.

விஜயகாந்த் நரைத்த தலையோடு காவல்துறை அதிகாரியாக வருகிறார், அலட்டல் இல்லாமல். பழைய படங்களுக்கு வாசல் திறந்துவிடும் காரியத்தையும் இந்தப் படம் செய்கிறது: 'அதே கண்கள்' நாயகன் ரவிச்சந்திரனும், 'யார் நீ?' நாயகன் ஜெய்சங்கரும் இதில் வயதான வேடங்களில் இருக்கிறார்கள். "இவர் அந்தக் காலத்தில் எப்படி இருந்தார் தெரியுமா?" என்று அடுத்த வாரத்துக்கான படத்தை இங்கிருந்தே நீட்டிவிடலாம்.

படம் நீளம். நடுவில் பத்திரிகை, அரசியல் என்று வேறு பக்கம் போகிறது. சிலருக்கு அது இழுவை. 'தோல்வி நிலையென நினைத்தால்' பாட்டு வரும் இடம் அங்கேதான் இருப்பதால் நான் குறை சொல்ல மாட்டேன்.

பெரிய செலவு பிரதிதான். சினிமாஸ்கோப்பின் அகலம் ஏறத்தாழ 2.35க்கு 1. அதைப் பழைய டிவியின் 4க்கு 3 சதுரத்துக்குள் நிரப்பிய பிரதிகள் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. அப்படி நிரப்பினால் படத்தின் அகலத்தில் 40 சதவீதத்துக்கும் மேல் காணாமல் போகிறது. இந்தப் படத்தின் பயமே திரையின் ஓரத்தில் யாரோ நிற்பதில் இருக்கிறது. ஓரத்தை வெட்டிவிட்டால் என்ன மிஞ்சும்? மேலும் கீழும் கறுப்புப் பட்டை உள்ள பிரதியைத் தேடிப் பிடியுங்கள். கறுப்பு வெள்ளைப் படங்களுக்கு இதன் மறுபக்கம்: பக்கவாட்டில் இழுத்து அகலமாக்கியிருந்தால் சிவாஜி முகம் பூசணிக்காயாகத் தெரியும். டிவி ரிமோட்டில் அதைச் சரிசெய்ய ஒரு நிமிடம் ஆகும், செய்துவிடுங்கள்.

இதே பக்கம் சாய்கிறவர்களுக்கு மணிவண்ணனின் 'நூறாவது நாள்' (1984) இருக்கிறது. மொட்டைத் தலையும் வட்டக் கண்ணாடியுமாக வரும் சத்யராஜ் அதில்தான். 'ஊமை விழிகள்' நீளம் என்று தோன்றினால் அது நல்ல மாற்று.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

| | முடிவு கசிந்தால் | முதல் 20 நிமிடம் | எழுந்துபோக வைப்பது | யாரோடு | மறைமுகச் செலவு |
|---|---|---|---|---|---|
| அந்த நாள் | கூடுதல் ருசி | கூர்மை | இடைவிடாத வசனம் | தனியாக | ஒலித்தரம், 1943 பின்னணி |
| புதிய பறவை | நிற்கும் | மெதுவாகச் சூடேறும் | ஒன்றிரண்டு பாட்டு | இருவர் மூவர் | மிமிக்ரி ஞாபகம் |
| அதே கண்கள் | போச்சு | பரவாயில்லை | நகைச்சுவைப் பகுதி | பத்துப் பேர் | மறுமுறைக்கு ஒன்றுமில்லை |
| மூடுபனி | கசிய ஒன்றுமில்லை | உடனே பிடிக்கும் | நிதானம் | தனியாக, பெரியவர்கள் | கனமான விஷயம் |
| ஊமை விழிகள் | நிற்கும் | ஐந்தில் முதல் | நடுப்பகுதி இழுவை | எல்லாரோடும் | வெட்டிய பிரதி |

## அப்புறம், எதைப் போடுவது?

பழைய படமே பழகாத ஒருவருக்கு என்றால் என் பதில் 'ஊமை விழிகள்'. இந்த ஐந்தில் அது சிறந்த படம் என்பதற்காக அல்ல. 'அந்த நாள்' பக்கத்தில்கூட அது நிற்காது. அருகில் இருப்பதிலிருந்து தொடங்கிப் பின்னோக்கி நடப்பது சுலபம் என்பதற்காக. 1986லிருந்து 1980க்குப் போகும்போது வேகம் குறைகிறது, அவ்வளவுதான். 1980லிருந்து 60களுக்குப் போகும்போது நடிப்பின் சுருதி ஏறுகிறது; அதற்குள் காது கொஞ்சம் பழகியிருக்கும். 60களிலிருந்து 1954க்கு வரும்போது வண்ணம் போகிறது, பாட்டு போகிறது. அந்த நேரத்தில் அது இழப்பாகத் தெரியாது. ஒரே தாவலில் 1954க்குக் கூட்டிப்போனால் இத்தனை மாற்றமும் ஒரே ராத்திரியில் மேலே விழுகிறது. நான் அனுப்பியவர்கள் பாதியில் நிறுத்தியது அதனால்தான்.

அக்கா மகனுக்கு இரண்டாம் முறை அப்படித்தான் போட்டேன். 'ஊமை விழிகள்' ஒரு சனிக்கிழமை. 'மூடுபனி'க்கு அவன் வயது போதாது என்பதால் 'நூறாவது நாள்'. பிறகு சொந்தக்காரர்கள் வந்திருந்த நாளில் 'அதே கண்கள்', சீட்டு எழுதிப் போட்டு. அவன் எழுதிய பெயர் தப்பு, இன்றுவரை ஒத்துக்கொள்ளவில்லை. 'புதிய பறவை' மறுபடி போட்டபோது முதல் 'கோபால்' என்றதும் சிரித்தான். விருந்தில் அந்தப் பெண் வந்து நின்றபிறகு சிரிக்கவில்லை. 'அந்த நாள்' முடிந்ததும், முதல் காட்சியை இன்னொரு தடவை போடச் சொன்னான்.

இந்த வரிசை எல்லாருக்கும் வேண்டும் என்றில்லை. நாவல் படிக்கிறவருக்கு நேரே 'அந்த நாள்'. எதன் முடிவும் தெரியாதவருக்கு 'புதிய பறவை', உடனே, யாராவது சொல்லிவிடுவதற்குள். வெப் தொடர் மட்டுமே பார்க்கும் பெரியவருக்கு 'மூடுபனி'. வீடு நிறைய ஆள் இருந்தால் 'அதே கண்கள்', ஆனால் ஏற்கெனவே பார்த்த பெரியவர் ஒருவர் கூட்டத்தில் இருந்தால் அவரை முதலில் தனியாகக் கூப்பிட்டுப் பேசிவிடுங்கள்.

ஐந்தையும் முடித்தவர்கள் அடுத்து என்ன என்று கேட்பார்கள். மறுபடி எஸ். பாலசந்தர்தான்: 'நடு இரவில்'. தனித்த ஒரு பங்களா, சொத்துக்காகக் கூடிய உறவினர்கள், ஒவ்வொருவராகக் குறைகிறார்கள். அதை முதல் படமாக மட்டும் போட்டுவிடாதீர்கள். 'அந்த நாள்' பார்த்த கண்ணுக்குத்தான் அதில் அவர் விளையாடும் விளையாட்டு தெரியும். 60களின் நடுவில் எடுத்து முடித்து, 1970 வரை பெட்டிக்குள் கிடந்த படம் அது. இன்னும் ஒரு மாதம் காத்திருப்பதில் அதற்கு ஒன்றும் குறைந்துவிடாது.